ஒரு வேரும் விடாமல்

கஞ்சி மறுபடியும் மூக்கு வழியாக வந்துவிட்டது. ராக்காயி முந்தானையால் துடைத்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தாள். சேவுகன் கரண்டியைப் பாதி மட்டும் நிரப்பினான். மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு குளத்தூர்ப் பக்கத்திலிருக்கும் தன் ஊருக்கு வந்து சேர்ந்த நாளாக இதுதான் அவனுக்கு வேலை. வயலில் களை மண்டிக் கிடந்தது. அந்தத் திசைக்கே அவன் போகவில்லை.

ஊர் அவனைப் பெரிய ஆள் என்றது. இந்த அறுபத்தொன்றாம் வருஷத்தில், மண்டைக்குள் கத்தி வைத்த பெண்டாட்டியை உயிரோடு கூட்டிவந்தவன் வட்டாரத்திலேயே வேறு யார்? அப்படிப் புகழ்ந்துகொண்டே வருகிறவர்கள், ராக்காயியின் ஒரு பக்கம் தொங்கிப்போன முகத்தைப் பார்த்ததும் காப்பித்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பார்க்கச் சகிக்காதவர்கள் எதற்கு வரவேண்டும் என்று சேவுகனுக்கு எரிச்சலாக வந்தது.

பெண்டாட்டியின் விஷயத்தைப் புருஷனிடம் கேட்பதுதானே வழக்கம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டரும் அவனைத்தான் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"கட்டி மண்டைக்கு அடியில, நரம்போட ஒட்டிக்கிட்டு இருக்குப்பா. முழுசா எடுத்தா அநேகமா திரும்ப வராது. ஆனா முகம் ஒரு பக்கம் விழுந்துடலாம், முழுங்க முடியாமப் போகலாம். ஒட்டியிருக்கிறத மட்டும் விட்டுட்டா இப்ப நல்லா இருப்பாங்க. சில வருஷம் கழிச்சு மறுபடி வளரலாம், வளராமலும் போகலாம். நீ என்ன சொல்றே?"

சேவுகனுக்குத் தெரிந்ததெல்லாம் கோரைப்புல். ஒரு கிழங்கை விட்டால்கூட அடுத்த மழைக்கு வயலையே தின்றுவிடும். அவன் யோசிக்கவே இல்லை. "ஒரு வேரும் விடாம எடுத்துருங்கய்யா" என்று கும்பிட்டான். டாக்டர் சரி என்றார். கட்டி முழுக்க வந்துவிட்டது. அவர் எச்சரித்ததெல்லாமும் ஒன்று பாக்கியில்லாமல் நடந்துவிட்டது.

இன்று கஞ்சி முடிந்ததும் ராக்காயி கேட்டாள். குரல் கம்மி, காற்றாகத்தான் வந்தது.

"ஏங்க, அன்னைக்கி டாக்டரு ஒங்கள அங்கிட்டுக் கூப்புட்டு என்ன கேட்டாரு?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். வாய் வரவில்லை. கோரையையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அழவில்லை. "நான் உள்ளதான உக்காந்திருந்தேன்" என்றாள். "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அவள் அவன் பக்கமாகவே திரும்பிப் பாயில் படுத்துக்கொண்டாள். என்னதான் சொல்லியிருப்பாள்? அது தெரியாமல் இனி ஒரு வாய்ச் சோறு இறங்காது என்று இருந்தது அவனுக்கு. மறுபடி கேட்கவும் பயமாக இருந்தது.

வெளியே வெயில் காய்ந்தது. அவளுடைய மூச்சு மெல்லச் சீரானது. இடக்கண் மூடிக்கொண்டது. மூட முடியாத வலக்கண் மட்டும் திறந்தபடி அவனை நோக்கி இருந்தது. தூங்குகிறாளா, பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று தெரியாமல் சேவுகன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.