முப்பதுக்குக் கீழே

1

இருபதிலேயே விட்டிருக்கலாம். முப்பது வேண்டும் என்று யார் கேட்டார்கள்? நான்தான் ஏற்றினேன். ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பசி அவசரத்தில்.

இது அவள் மனசுக்குள் ஓடியது. யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை. பின்னே உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியாது. நானாக எழுதினேன். செவ்வாய்க்கிழமை மட்டும் உண்மை, அது கணினிப் பதிவில் இருக்கிறது. பசி என் சேர்க்கை. கதை எழுதுகிறவர்கள் இப்படித்தான் அடுத்தவர் தலைக்குள் செருப்போடு நுழைவோம்.

அதனால் மீதியையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிறுவனத்தின் வெள்ளிவிழா மலரை எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிகள், கோர்ட்டுகள், கல்லூரிகள் என்று அறை அறையாக அடைந்து கிடக்கும் காகிதத்தைப் படமெடுத்து, இடத்தை அடைக்காதபடி சுருக்கி, பிறகு யாரும் கைவைக்க முடியாதபடி முத்திரையிட்டுத் தருகிற நிறுவனம். சுருக்கும் முறையைக் கண்டுபிடித்தவள் இவள். கோப்பைச் சுருக்குவதைக் கணினிக்காரர்கள் 'ஜிப்' என்பார்கள்; ஆபீஸில் எல்லோருக்கும் இவள் ஜிப் அக்கா. ஐம்பத்தொரு வயது, குரல் உயராது, தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பாள்.

மலரில் அவளைப் பற்றி நான் எழுதிய பக்கத்தில் ஒரு வரி: "மூலத்தின் ஒரு புள்ளியைக்கூட இழக்காமல், ஓர் அறையை உள்ளங்கைக்குள் அடக்கியவர்."

அந்த வரியை இப்போது ஒரு வக்கீல் ஆதாரமாகக் காட்டுகிறார். ஒரு நர்ஸுக்கு எதிராக.

ஜிப் அக்கா போன மாதம் எனக்குப் போன் செய்தாள். "அந்தப் புள்ளி வரியை நான் சொன்னேனா?"

"இல்லீங்க. நானா எழுதினேன்."

"படிக்க நல்லா இருந்துச்சு. அதான் நானும் விட்டுட்டேன்," என்றாள்.

இந்தக் கதை கோபத்தில் எழுதப்படுகிறது. யார்மேல் என்று இன்னும் முடிவாகவில்லை. எழுதி முடிப்பதற்குள் தெரியும் என்று நினைக்கிறேன்.

2

அவளுடைய கண்டுபிடிப்பு (கண்டுபிடிப்பு என்று எழுதினாலே பின்னால் இசை கேட்கிறது, இங்கே இசை கிடையாது) மிக எளிது. ஒரு பக்கத்தைக் கணினி மூன்றாகப் பிரிக்கும். எழுத்து ஒரு தட்டு. படம் ஒரு தட்டு. மிச்சமெல்லாம் அழுக்கு: மடிப்பு, கறை, விரல் பட்ட இடம், காகிதத்தின் பழுப்பு. முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதை எறிந்துவிட்டால் பக்கம் பத்தில் ஒரு பங்காகிவிடும். எறிந்தது திரும்ப வராது.

எது அழுக்கு என்பதை ஓர் எண் முடிவு செய்கிறது. வெள்ளைக்குப் பூஜ்யம், கன்னங்கறுப்புக்கு நூறு. பல வருஷம் அந்த எண் இருபதில் இருந்தது. இருபதுக்குக் கீழே இருக்கிற மங்கல் எல்லாம் அழுக்கு. ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்தது. பதினோரு வருஷத்துக் காகிதத்தோடு வந்தது. மாதிரிக்கு எடுத்துக்காட்டிய பக்கங்களைப் பார்த்து அதன் நிர்வாகி முகத்தைச் சுளித்தார். "என்னங்க, திரையில பார்த்தாலும் பழைய பேப்பர் மாதிரியே இருக்கு." ஜிப் அக்கா எண்ணை முப்பதாக்கினாள். பக்கம் பளிச்சென்று வெளுத்தது. நிர்வாகி சிரித்தார்.*

அதன்பின் முத்திரை. சுருக்கிய கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை உடைந்து காட்டிக்கொடுக்கும். இதில் பிழையே இல்லை. இன்றுவரை யாரும் உடைத்ததில்லை. முத்திரை விழுந்து மூன்று மாதம் ஆனதும் காகிதத்தைக் கூழாக்கிவிடலாம் என்பது ஒப்பந்தம். ஆக்கினார்கள். அதற்குப் பிறகு சேர்ந்த காகிதமும் மாதாமாதம் அதே வழியில் வந்தது.

பூட்டு நல்ல பூட்டுதான். பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே திருடிவிட்டால் பூட்டு என்ன செய்யும்?

* அந்த மாதிரிப் பக்கங்களில் இரண்டை அவள் மலருக்காக என்னிடம் காட்டினாள். முன், பின். முன் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஏதோ இருந்தது. "இது என்ன?" என்று கேட்டேன். "யாரோ கிறுக்கியிருக்காங்க," என்றாள். நான் தலையாட்டினேன். கையில் கண்ணாடி இருந்தும் போட்டுப் படிக்கவில்லை. எழுத்தைப் பார்த்தால் படிப்பதுதான் என் பிழைப்பு.

3

இனி நர்ஸ்.

அன்று மதியம் வானம் மேகம் கூடி

(இல்லை. வானத்துக்கு இங்கே வேலையில்லை.)

என் முதல் வரைவில் இவளுக்கு இரண்டு குழந்தைகள், படுத்த படுக்கையாக ஒரு மாமியார், தைத்துத் தைத்துப் போட்டுக்கொள்ளும் ஒரே செருப்பு. இரண்டாம் வரைவில் மாமியாரை எடுத்துவிட்டுக் குழந்தைகளை மூன்றாக்கினேன். வெட்கக்கேடு. நீங்கள் அவள் பக்கம் நிற்கவேண்டும் என்பதற்காக அவளைத் துடைத்துத் துடைத்து வெளுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சிடுசிடுப்பானவள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக வார்டு சிஸ்டர். நோயாளியைப் பார்க்க நாலு பேர் சேர்ந்து வந்தால் "இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று விரட்டுவாள். பயிற்சிக்கு வருகிற பெண்களை அழவைப்பாள். அவளுக்குப் பிரிவுபசாரம் நடத்தினால் கேக் வெட்டத்தான் ஆள் வரும், அவளுக்காக வராது. இப்படிப்பட்டவளுக்கு நியாயம் வேண்டாம் என்றால் இங்கேயே மூடி வைத்துவிடுங்கள். நான் வருத்தப்படமாட்டேன்.

அவள்மேல் வந்த குற்றச்சாட்டு இது: வயிற்றில் அறுவை முடிந்த ஒருவருக்கு மதியம் மூன்று மணிக்கு ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது, இவள் டாக்டருக்குச் சொல்லவில்லை, ஐந்து மணிக்கு அவர் இறந்துபோனார். ஒரு வருஷம் கழித்து விசாரணை. நிரூபணமானால் நர்ஸ் பதிவு ரத்து. இனி எந்த வார்டிலும் கால் வைக்க முடியாது. சொன்னேன் என்கிறாள் இவள். உள் தொலைபேசிக்குப் பதிவு கிடையாது. இருந்த ஒரே சாட்சி நோயாளியின் கேஸ் ஷீட். விசாரணையில் அதன் முத்திரையிட்ட நகலைக் காட்டினார்கள். மூன்றாம் பக்கத்தின் ஓரம் வெறும் வெள்ளை.

பக்கத்தின் அடியில் நிறுவனத்தின் தொலைபேசி எண் இருந்தது. அதற்கு அடித்தாள். எடுத்த பெண் ஜிப் அக்காவிடம் ஓடிவந்தாள். "அக்கா, லைன்ல ஒரு அம்மா பென்சிலைக் காணோம்னு கத்துறாங்க. இது ஸ்டேஷனரி கடை இல்லைன்னு சொல்லிட்டேன், வைக்க மாட்டேங்கறாங்க."

"குடு. சொல்லுங்க சிஸ்டர்."

"மூணாம் பக்கத்து ஓரத்துல நான் எழுதினது எங்க?"

"முத்திரை போட்ட ஃபைல் சிஸ்டர் அது. யாரும் தொட்டிருக்க முடியாது. தொட்டா முத்திரை உடைஞ்சிரும்."

"அது உடையல. என் எழுத்துதான் இல்ல."

"எந்தப் பேனாவுல எழுதினீங்க?"

"பேனாவா? பென்சில்மா."

ஜிப் அக்கா ஆறிக்கொண்டிருந்த தேநீரைத் தள்ளிவைத்தாள். பிறகு, "ஏன் பென்சில்ல எழுதினீங்க?" என்றாள்.

"ஏசி ரூம்ல உக்காந்து கேக்குறது சுலபம்மா. 'டாக்டர் வரலை'ன்னு பேனாவுல எழுதிட்டு, மறுநாள் அதே டாக்டரோட நான் ரவுண்ட்ஸ் போக வேண்டாமா? நாங்க எல்லாரும் ஓரத்துல பென்சில்லதான் எழுதுவோம். எத்தனை மணிக்குச் சொன்னோம்னு. அவர் வந்துட்டா அழிச்சிருவோம். வரலைன்னா இருக்கும்."

4

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் படியுங்கள். நான் எழுதியவை அல்ல. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

வந்துவிட்டால் அழிப்பார்கள். வராவிட்டால் இருக்கும். அப்படியென்றால் அந்த ஆஸ்பத்திரியின் பதினோரு வருஷக் காகிதத்தில் அழியாமல் மிஞ்சியிருந்த ஒவ்வொரு பென்சில் கோடும் ஒரு வராத டாக்டர். எத்தனை படுக்கைகள், எத்தனை மதியங்கள். பயந்துகொண்டே வேலை செய்தவர்கள், பயத்துக்குள்ளேயே ஒரு சின்ன நேர்மையை வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அது. யாரும் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அந்த எழுத்தெல்லாம் அடர்த்தியில் இருபத்திரண்டு, இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று இருந்தது. முப்பதுக்குக் கீழே.

பேனாவால் எழுதக்கூடியவர்களின் சொல் அத்தனையும் பத்திரமாக இருக்கிறது. பென்சிலால் மட்டுமே எழுத முடிந்தவர்களின் சொல் அழுக்கு. இதை யாரும் திட்டமிடவில்லை என்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டமிட்டிருந்தால் ஒரு முகத்தைத் தேடிப்போய்க் கத்தலாம். இங்கே ஒரு எண்ணும், ஒரு செவ்வாய்க்கிழமையும், முகம் சுளித்த ஒருவரும், கண்ணாடி போட்டுக்கொள்ளாத நானும்தான் இருக்கிறோம்.

(இந்தப் பத்தியில் குரல் உயர்ந்துவிட்டது. திருத்த உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. இருக்கட்டும்.)

5

ஜிப் அக்கா அன்று சாயங்காலமே ஒரு தாளின் ஓரத்தில், நர்ஸ் போனில் சொன்னபடியே, பென்சிலால் "3.10 சொன்னேன். 3.35 சொன்னேன். 4.00 வரவில்லை" என்று எழுதி ஸ்கேனரில் வைத்தாள். இருபதில் ஓட்டினாள்: மூன்று வரியும் இருந்தன. முப்பதில் ஓட்டினாள்: தாள் அப்போதுதான் கடையில் வாங்கியதுபோல வந்தது. இன்னொரு தரம் ஓட்டினாள். ஏன் இன்னொரு தரம் என்று கேட்டேன். "தப்பா இருக்கும்னு ஒரு ஆசை," என்றாள்.

மறுநாள் மேனேஜர் அறை. அவன் ஒரு காலத்தில் அவளிடம் பயிற்சிக்கு வந்தவன். கூட்டம் என்றால் "மேடம்" என்பான், காரியம் ஆகவேண்டும் என்றால் "அக்கா." அன்று கதவைத் திறக்கும்போதே அக்கா.

"அக்கா, வியாழக்கிழமை அடுத்த விசாரணைக்கு ஆஸ்பத்திரி வக்கீல் ஒரு பேப்பர் கேக்குறார். கண்டுபிடிச்சவங்களே கையெழுத்து போட்டாத்தான் நகலை ஏத்துப்பாங்களாம். ஒரே வரிதான். 'மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு இல்லை.'"

"வேறுபாடு இருக்கு தம்பி. பென்சில் போயிருச்சு."

"பென்சில் எப்படிக்கா எழுத்தாகும்? நம்ம கையேட்டுல பதினாலாம் பக்கம் என்ன போட்டிருக்கு? 'கறைகள், மடிப்புகள், மங்கலான கிறுக்கல்கள் நீக்கப்படும்.' யார் எழுதினது?"

"நான்தான்."

"பாத்தீங்களா. அப்ப கிறுக்கல், இப்ப எழுத்தா? ஒரு நர்ஸுக்காக நம்ம முறையே தப்புன்னு நாமே சொல்லிக்கிட்டா, நாளைக்கு எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கோர்ட் வாசல்ல வந்து நிக்கும்? பதினேழு வருஷ உழைப்புக்கா. உங்களோடது."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். தங்க மோதிரம் மாட்டினேன், கழற்றிவிட்டேன். கெட்டவனாக இல்லாமலே அவன் அந்தத் தாளை நீட்டினான்.

6

முடிவுகள். என்னிடம் சில இருந்தன.

அவள் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். வீட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். (இப்படி எழுதினால் நடப்பு வாழ்க்கையைச் சொன்னேன் என்று பாராட்டுவார்கள். பாராட்டை வைத்துக்கொள்ளுங்கள்.)

இன்னொன்று. ஒரு பழைய சோதனைக் கணினியில் அழுக்குத் தட்டு அப்படியே சேமிப்பில் இருக்கிறது. ஜிப் அக்கா திறக்கிறாள். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் அந்த மங்கல் எழுத்து மெல்ல மெல்ல

இந்த முடிவுக்கு நான் நான்கு நாள் செலவழித்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அந்தத் தட்டு எங்கேயும் இல்லை. எறிந்துவிட்டார்கள், காகிதத்தையும் கூழாக்கிவிட்டார்கள். கதையில் மட்டும் கிடைத்துவிட்டால், நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிட்டுப் போவீர்கள். அந்த நிம்மதியை நான் தரப்போவதில்லை.

மூன்றாவதில் அவள் மேஜையில் அறைந்து ஒரு பக்கத்துக்குப் பேசுகிறாள். அது என் பேச்சு, அவளுடையதல்ல. நாலாம் பகுதியில் நானே பேசித் தீர்த்துவிட்டேன்.

நர்ஸின் பதிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்குப் பதிலாக உங்களை உட்காரவைக்கிறேன். முன்னால் ஒரு வெள்ளை ஓரம் இருக்கிறது. ஒரு சிடுசிடுத்த பெண் அங்கே எழுதியிருந்தேன் என்கிறாள். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், பேனாவிலோ எதிலோ.

எனக்குத் தெரிந்து மிச்சம் இருப்பது அந்த அறையில் நடந்த கொஞ்சம்தான்.

7

மேனேஜர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். அரைமணி நேரத்தில் புதிதாக ஒன்று கொண்டுவந்தான். முகத்தில் ஒரு தெளிவு.

"அக்கா, மாத்திட்டேன். படிச்சுப் பாருங்க. 'அச்சிட்ட எழுத்துகளில் மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு இல்லை.' இது பொய் இல்லையே?"

அவள் படித்தாள். பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதைப் போன்ற வாக்கியங்களால்தான் நான் சோறு தின்கிறேன். இதைவிட நேர்த்தியாக என்னாலும் எழுதியிருக்க முடியாது. போட்டுவிடு, இதில் உன்மேல் குற்றமில்லை என்று எழுதும்போது அவள் காதில் சொல்ல எனக்கு வாய்வரை வந்தது.

"வக்கீல் இதுவே போதும்னுட்டார்," என்றான் அவன். "ரெண்டு சொல்தான் சேர்த்திருக்கு."

"அந்த ரெண்டு சொல்லை யாரு கவனிப்பாங்க தம்பி?"

"யாரும் கவனிக்க மாட்டாங்க. அதான் சொல்றேன்."

அவள் தாளை மேஜைமேல் வைத்து, அவன் பக்கமாகத் திருப்பி, நகர்த்தினாள். அவன் அதை எடுக்கவில்லை.

"அக்கா. வேற யாரா இருந்தாலும் நான் இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"அப்ப காரணமாவது சொல்லுங்க. மேல கேப்பாங்கல்ல, நான் என்ன சொல்றது?"

பின்னால் போனில் நானும் அதையேதான் கேட்டேன்; படிக்கிறவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும், இரண்டு வரி போதும், நானே சரிசெய்துகொள்கிறேன் என்று. அவள் எங்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்த்திருக்கவேண்டும்.

"காரணத்தை வியாழக்கிழமை அங்கேயே வந்து சொல்லிக்கறேன் தம்பி," என்றாள், நாற்காலியை உள்ளே தள்ளிவைத்தபடி. "இதுல போடமாட்டேன்."