முதுகில் இருநூற்றுப் பத்துக் கட்டம்

டாட்டூவை அழிக்க எவ்வளவு ஆகும் என்று போனில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. துணி எத்தனை மீட்டர் என்று தெரியாமல் தையல் கூலி சொல்ல முடியுமா? நேரில் வாருங்கள், அளந்து சொல்கிறேன் என்பேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். பன்னிரண்டு வருடமாக இந்தத் தோல் மருத்துவமனையில் லேசர் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாத கோபமா?

அளப்பதற்கு ஒரு கண்ணாடித் தாள் வைத்திருக்கிறோம். அதில் அங்குலத்துக்கு அங்குலம் கட்டம் போட்டிருக்கும். தாளைத் தோலின் மேல் விரித்து, மை இருக்கிற கட்டங்களை எண்ண வேண்டியதுதான். பழைய காதலியின் பெயர் என்றால் மூன்று, நான்கு கட்டத்தில் முடிந்துவிடும். கழுகுக்காரருக்கு இருநூற்றுப் பத்து வந்தது. எண்ணி முடிப்பதற்குள் எனக்கே இடுப்பு வலித்தது.

அவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். சட்டையைக் கழற்றினால் தோள் முதல் இடுப்புவரை கன்னங்கரேல் என்று ஒரு கழுகு சிறகை விரித்து நிற்கும். எட்டு தடவை வர வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, எல்லாம் சேர்த்து ஒரு புது பைக் வாங்குகிற காசு ஆகும் என்று சொன்னேன். போட்டபோது ஆனதைவிடப் பத்து மடங்கு என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தலையாட்டினார். அடுத்த முறை பஸ்ஸில் வந்தார். பைக்கை விற்றுவிட்டார் என்று எங்கள் வாட்ச்மேன்தான் சொன்னார்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. இந்த டாட்டூவுக்கு அடியில் வேறு டாட்டூ இருக்கிறதா? பழையதை மறைக்கத்தான் பலர் பெரிதாகப் போடுவார்கள், அதனால் கேட்க வேண்டும். நான் எப்படிக் கேட்டேன் தெரியுமா? "கீழே வேற எதுவும் இல்லையேண்ணே?" என்று கேட்டுக்கொண்டே 'இல்லை' என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தைத் திருப்பியாயிற்று. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள், அவசரம். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த வேலையில் எனக்கு இன்னமும் அலுக்காத ஒன்று உண்டு. லேசர் ஒளி தோலில் பட்டதும் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் வரும், கறுப்புக் கோடு சட்டென்று வெள்ளையாகும். கண் சிமிட்டுகிற நேரத்தைக் கோடிக் கூறு போட்டால் அதில் சில கூறுதான் அந்த ஒளி இருக்கும். அதற்குள் மை தூளாகிவிடும். எங்கள் வேலை அதோடு சரி. அந்தத் தூளை ஆறு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போவது உடம்பு. அவர் லிப்டுக்கு கிரீஸ் போடும்போதும் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இந்த உடம்புக்கு? ஒவ்வொரு முறை அவர் சட்டையைக் கழற்றும்போதும் கழுகு இளைத்திருப்பதைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்க்கும்.

வலி சாதாரணமில்லை. குளிர்ந்த காற்றை ஊதிக்கொண்டேதான் சுடுவோம், அப்படியும் பெரிய பயில்வான்கள் எல்லாம் மெத்தையைக் கடிப்பார்கள். அவர் ஒரு சத்தம் போட்டதில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்பார்: "ஏதாவது தெரியுதாம்மா?"

சொந்த முதுகை யாரால் பார்க்க முடியும்? வீட்டில் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. மனைவி முன்பே இறந்துவிட்டார். கழுகு இன்னும் தெரிகிறதா என்று கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். "ஒண்ணுமே தெரியாதுண்ணே, போகப் போகச் சுத்தமாயிடும்" என்று உற்சாகமாகச் சொல்வேன். அவர் முகம் தொங்கிப்போகும். இவ்வளவு செலவழித்தும் திருப்தி இல்லாத மனுஷன் என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொள்வேன்.

நான்காவது தடவையும் அதே கேள்வி. பாவமாக இருந்தது. கழுகின் தலை இடது தோளுக்குக் கீழே தார் ஊற்றினாற்போல் அடர்த்தியாக இருக்கும். டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி, வேகத்தைக் கூட்டி, அந்த இடத்தில் மட்டும் இன்னொரு சுற்று சுட்டேன். அதற்குக் காசு வாங்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் இலவசமாகச் செய்த ஒரே வேலை அது.

ஐந்தாவது தடவை அவர் குப்புறப் படுத்ததும் கிட்டே குனிந்து பார்த்தேன். கழுகின் தலை இருந்த இடம் பளிச்சென்று வெறும் தோலாக இருந்தது. சிறகு மங்கிச் சாம்பலாகியிருந்தது. அந்தச் சாம்பலுக்கு அடியில் மெல்லிய நீலக் கோடுகள். தழும்போ என்று நினைத்து விளக்கைத் திருப்பினேன். தழும்பு இல்லை. கோணலாக ஒரு வீடு, புகை விடுகிற ஒரு கூரை. வீட்டைவிட உயரமாக ஒரு ஆள், கையை நீட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கையில் நாலு விரல்தான். ஏதோ ஒரு குழந்தை வரைந்த படம். கதவு திறந்து வெளியே வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. 

"அண்ணே, கீழே ஒரு படம் இருக்கு" என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "தெரியுதா?" என்றார். அந்த 'தெரியுதா'வுக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அவரே சொன்னார். மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து முதுகில் பேனாவால் கிறுக்கியிருக்கிறாள். மறுநாளே போய் அந்தக் கோட்டின் மேலேயே டாட்டூ குத்திக்கொண்டு வந்திருக்கிறார். இருபது வயதில் அவள் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். அந்த வாரமே அதன் மேல் கழுகைப் போட்டுவிட்டார். அதுவும் ஆயிற்று ஒன்பது வருடம். வேறு இரண்டு மருத்துவமனைகளில் உண்மையைச் சொல்லிக் கேட்டாராம். மேல் மை, அடி மை என்ற வித்தியாசம் லேசருக்குத் தெரியாது, வேகத்தைக் கூட்டி இரண்டையும் சேர்த்து அழித்துவிடுவோம் என்றார்களாம். அந்தப் பயத்தில்தான் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. மேலே உள்ளது முதலில் போகும், ஆழத்தில் உள்ளது கொஞ்ச நாள் தாங்கும் என்று ஒரு நப்பாசை. அதற்கு ஒரு பைக்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நன்றாகத் திட்டியிருப்பேன். ஆனால் திட்டுகிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது? பெட்டியில் டிக் போட்டவள் நான்.

மருத்துவமனை போனில் படம் எடுத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி இல்லாமல் கண்ணருகே கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட அழைக்காத நம்பர்.

"என் பேரைப் போட வேண்டாம்மா. படம் மட்டும் அனுப்புங்க."

அனுப்பினேன். கீழே எங்கள் மருத்துவமனைப் பெயர் மட்டும் இருந்தது. அன்றைக்கு லேசரைத் தொடவில்லை. நான்கு நாள் கழித்து அந்த நம்பரிலிருந்து ஒரு வரி வந்தது: 'அடுத்த தேதி எப்போ?' தேதியையும் நேரத்தையும் அனுப்பிவிட்டு, அவரிடம் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வராமல் போய்விட்டால் அந்த மனுஷன் தாங்க மாட்டார்.

ஆறாவது தடவை சுடுவதாக இல்லை, தோல் எப்படி ஆறியிருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் அவரைப் படுக்கச் சொன்னேன். இருந்தாலும் லேசர் அறை விதிப்படி கண்ணில் கறுப்பு மூடியை மாட்டிவிட்டேன். கதவு திறந்தது. நெற்றியில் அவருக்கு இருக்கிற அதே மடிப்போடு ஒரு பெண் உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேராக முதுகைத்தான் பார்த்தாள். விரலைக் கோட்டின் மேல் வைத்து, வீட்டிலிருந்து ஆளுக்கு, ஆளின் தோளிலிருந்து கைக்கு நகர்த்திக்கொண்டே போனாள். நாலு விரல் முடிந்த இடத்தில், அந்தப் பளிச்சென்ற வெறும் தோலில் விரல் நின்றது.

"இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னேன்" என்றாள். "நான் எங்கேப்பா?"

அவர் உடம்பு விறைத்தது. மூடியைக் கழற்றவில்லை, திரும்பவும் இல்லை. அந்த இடத்தில் இருந்த சின்ன உருவம் அழிந்துபோனது அவருக்குத் தெரியாது. சின்ன போனில் அவர் கண்ணுக்கு அது பட்டிருக்காது.

"நான்தான்மா அழிச்சேன்" என்றேன்.  "அப்பாவுக்கு நல்லது செய்யறதா நினைச்சு, ஒரு சுத்து அதிகமா விட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தட்டில் கிடந்த ஊதாப் பேனாவை எடுத்தாள், எந்த இடம்வரை சுட வேண்டும் என்று தோலில் எல்லை போடுகிற பேனா. எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த வெறும் இடத்தில் ஒரு வட்டம் போட்டாள், இரண்டு பக்கமும் இரட்டைச் சடை, முக்கோணமாக ஒரு கவுன். இருபத்தொன்பது வயதுக் கை ஐந்து வயதுக் கை மாதிரியே வரைந்ததை என் கண்ணால் பார்த்தேன். கடைசியாக ஒரு சின்னக் கையைக் கொண்டுபோய் அந்த நாலு விரலோடு சேர்த்தாள். அவர் முதுகு குலுங்கியது.

"ஆடாதீங்கப்பா. கோணலாப் போகுது."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். அவள் பேனாவை மூடியதும், தலையைத் தூக்காமலே என்னைக் கேட்டார்: "இது எத்தனை நாள் இருக்கும்மா?"

"ரெண்டு தடவை குளிச்சாப் போயிடும்ணே."

"அப்ப நான் குளிக்கல."

"குளிங்கப்பா" என்றாள் மகள். "போனா, மறுபடி வந்து வரையறேன்."