மழையில் அறுபடும் பேச்சு

லேசாகத் தூறினாலே போதும், மலை மருத்துவமனை நர்ஸிடமிருந்து போன் வந்துவிடும். வீடியோ நின்றுபோச்சு என்பாள். நெட்வொர்க் அலுவலகத்தில் போனை எடுக்கிற பொறியாளர், பார்க்கிறேன் என்று சொல்லி வைப்பாள். அவள் பார்ப்பதற்குள் வீடியோ தானாக வந்துவிடும். தானே வந்து தானே போகிற பழுதை எங்கே என்று தேடுவது?

அன்றைக்கு நர்ஸ் போனை வைக்கவில்லை. அங்கே ஒரு தச்சர் இருக்கிறாராம். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. கீழே நகரத்திலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வீடியோ வழியாக அவரைப் பேசப் பழக்குகிறார்.

"படம் நின்னா, தான்தான் தப்பா சொல்லிட்டோம்னு நினைச்சுக்கறார் அக்கா. அப்புறம் அன்னைக்கு வாயே திறக்கறதில்ல."

அதற்குப் பிறகு பொறியாளருக்கு வேறு வேலை ஓடவில்லை. மழை நேரத்துப் பதிவுகளை எடுத்து உட்கார்ந்தாள். மலைக்குப் போகும் ரேடியோ இணைப்பின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரவுட்டர். தகவலை எந்த வழியில் அனுப்புவது என்று குறிக்கும் லேபிள்களை இரண்டும் பரிமாறிக்கொள்ளும். விட்டுவிட்டு ஒன்றுக்கொன்று 'ஹலோ' அனுப்பிக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் ஹலோ வராவிட்டால், எதிர்முனை செத்துவிட்டது என்று முடிவுகட்டி, லேபிள்களைத் தூக்கி எறிந்துவிட்டு பழைய கேபிளுக்கு மாறிவிடும். அந்தக் கேபிளோ வீடியோவைத் தாங்காது. மழையில் ரேடியோ கொஞ்சம் திணறினாலும் நடப்பது இதுதான்.

தன் ரவுட்டரில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவைத்தாள். அடுத்த மழையிலும் அதே கதை. பிறகுதான் உறைத்தது: இரண்டு பக்கமும் வேறுவேறு நேரம் இருந்தால், எது குறைவோ அதுதான் செல்லும். மறுபக்கத்து ரவுட்டர் 'அவசரம்' கையில் இருந்தது.

மலைக் கிளையின் மூத்த பொறியாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. கடிதம் வருவதற்குள் பதில் போட்டுவிடுவார் என்று கேலி பேசுவார்கள். நேரத்தைக் கூட்டச் சொல்லிப் போனில் கேட்டபோது முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவள் பஸ் ஏறிப் போய் அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

முதலில் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தச்சரைப் பற்றி அவள் சொல்லி முடித்தபோது கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"முன்னாடி நானும் நிறைய நேரம்தான்மா வெச்சிருந்தேன். ஒருநாள் ரேடியோ செத்துப்போச்சு. ரவுட்டர் கேபிளுக்கு மாறாம காத்துக்கிட்டே இருக்கு. அந்த நேரம் பார்த்து மலைமேல ஒரு பிரசவம், ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடறாங்க, போன் போகல. குழந்தை தங்கல. இதனாலதான்னு யாரும் சொல்லல. எனக்குத்தான் மனசு கேட்கல."

அவள் வாதாடவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரேடியோ நிஜமாவே அறுந்தா, அந்த நிமிஷமே ரேடியோ மாட்டியிருக்கிற வாயை, அந்த போர்ட்டை, ரவுட்டரே மூடிடற வசதி அதுலயே இருக்கு அண்ணா. நாமதான் போடல. அதைப் போட்டுட்டா ஹலோவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மழைக்கு மட்டும் ரவுட்டர் பொறுத்துக்கட்டும்."

அவர் நம்பவில்லை. வசதியை இரண்டு முனையிலும் போட்டு, அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டு எதிர்முனை ரேடியோவை அணைக்கச் சொன்னார். போர்ட் சட்டென மூடிக்கொண்டது, போக்குவரத்து கேபிளுக்குத் தாவியது. மறுபடி அணைக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒருமுறை. அவள் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவரே நேரத்தை மாற்றினார். முதலில் கொஞ்சமாக ஏற்றினார், யோசித்தார், பிறகு அவள் கேட்ட அளவுக்கு வைத்தார்.

அந்த வாரமே மழை கொட்டித் தீர்த்தது. வழக்கம்போல் நர்ஸின் போன் வந்தது. படம் கண் சிமிட்டுகிற நேரம் தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை என்றாள். தச்சர் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினாராம்: உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால் சரியில்லை, ஆடுகிறது என்று.

பொறியாளர் உடனே 'அவசரத்தை'க் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நாற்காலியைச் சரி பண்ணாங்களாமா?" என்று கேட்டார் அவர்.