காப்பு கட்டிய மனுதாரர்

வாணவேடிக்கை அனுமதி மனு தன் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றார் ஸ்ரீரங்கத்து அம்மன் விழாக்குழுத் தலைவர் பெரியநாயகம். இருந்தது. திருவிழாக் காப்பும் தன் கையில்தான் ஏற வேண்டும் என்றார். ஏறியது. காப்பு கட்டியவர் விழா முடியும்வரை காவிரியைத் தாண்டக்கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம்.

விழாவன்று சாயங்காலம், அக்கரையில், அனுமதி வழங்கும் திருச்சி அலுவலகத்தில் விழாக்குழுச் செயலாளர் அறிவுமதி நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாம் சரியா இருக்கு. மனு போட்டவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்,” என்றார் அதிகாரி.

“காப்பு கட்டியிருக்காருங்க சார். ஆத்தைத் தாண்ட மாட்டாரு.”

“அப்போ உங்க பேர்ல புதுசா மனு குடுங்க. போலீஸ், தீயணைப்பு எல்லாரும் மறுபடி பாக்கணும்.”

“வேடிக்கை இன்னிக்கு ராத்திரிங்க!”

அறிவுமதி தலைவருக்குப் போன் போட்டார். “பாலத்துல பாதி தூரம் வரேன்யா. மீதியை அவரை வரச் சொல்லு,” என்றார் பெரியநாயகம், வரம் கொடுக்கிற குரலில்.

“நான் எதிர்கொண்டு அழைக்க உங்க தலைவர் என்ன உற்சவரா?” அதைக் கேட்ட அதிகாரி மேசையைப் பூட்டினார்.

உடனே துறையூர் வெடிக்காரர் சின்னையன் போனில் கூப்பிட்டார். “வெடியெல்லாம் கொள்ளிடம் மணல்ல நட்டாச்சுங்க. சனம் இப்பவே எடம் புடிக்குது. எப்பப் பத்த வைக்கட்டும்?”

“சொல்றேன்,” என்றார் அறிவுமதி. யாரைக் கேட்டுச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.