ஹெட்போன் அறை

அமலோற்பவத்தின் தாடையை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் ஜாக்குலின். மாமியாரின் உடம்பில் இன்னும் சூடு இறங்கவில்லை. அக்கினி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நட்ட நடுப்பகலில் செத்தவளுக்குச் சூடு எப்படி இறங்கும்? ஆரணியே வெந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஓர் அறைக்குள் மட்டும் வருஷம் முழுக்க மார்கழி.

அது ஹெட்போன்களின் அறை. பெங்களூர், சென்னைப் பணக்காரர்கள் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து ஆசைக்கு வாங்கி, நாலு முறை காதில் மாட்டி அலுத்துப்போனவற்றை ஜாக்குலினின் கணவன் பிலிப் வாங்கி விற்பான். பஞ்சால் ஒற்றித் துடைப்பான். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் பாட்டு ஓடவிடுவான். ஈரக்காற்று பட்டால் காதில் படும் ஆட்டுத்தோல் மெத்தையில் பூஞ்சை பூத்துவிடும் என்று ராப்பகலாக ஏசி, சுவரில் ஈரத்தை அளக்கும் மீட்டர். முப்பது வருஷம் அமலோற்பவம் தறியில் உட்கார்ந்த அறைதான். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே காற்றும் வேறாகிவிட்டது.

கிழவிக்கு மூச்சிரைப்பு. பத்து நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் உள்ள படுத்துக்கறேன்டா."

"ஆவாதும்மா. நீ இருமிகினே இருப்ப. மூச்சுலயே ஈரம் கீது."

பிலிப் கத்தவில்லை. வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோலப் பொறுமையாகத்தான் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை அவன் கூரியர் ஆபீசுக்குப் போயிருந்தபோது, அவள் மருமகளிடம் வந்தாள்.

"சாவி ஒங்கிட்டதானம்மா கீது? அவன் வர்றதுக்குள்ள அஞ்சு நிமிசம் குந்திகினு வந்துடறேன்."

"அவரு வந்து மீட்டரப் பாப்பாரு அத்தை. கதவத் தொறந்தா அது காட்டிக்குடுத்துடும்."

அமலோற்பவம் சரி என்று தலையாட்டினாள். துண்டை நனைத்து மார்மேல் போட்டுக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினாள். அந்தத் தலையாட்டலை நினைக்க நினைக்க ஜாக்குலினுக்குத் தன் முகத்திலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. சாவி இப்போதும் அவள் இடுப்பில்தான் இருந்தது.

செத்தவளின் தம்பி ஏசுதாஸ் போனை வைத்துவிட்டு வந்தார்.

"ஐஸ் பொட்டி எதுவும் இங்க காலியா இல்லியாம். போளூர்ல இருந்து வரணும், பொழுது சாஞ்சிடும். துபாய்ல இருந்து ஒன் தங்கச்சி நாளைக்குக் காலையிலதான் வருது. இந்த வெயில்ல ஒடம்பு தாங்காதுடா பிலிப்பு. ஏசி ரூம்ல போடு."

"மாமா, உள்ள சரக்கு கீது…"

"இன்னாடா சரக்கு? பெத்தவள வுடவா?"

கூடத்தில் முள்ளிப்பட்டுச் சொந்தங்கள் உட்பட இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் பிலிப்பைப் பார்த்தார்கள். தாய்க்குத் திறக்காத கதவு ஊர் வாய்க்குத் திறந்தது.

படுக்கையறைப் பீரோவிலிருந்து ஜாக்குலினின் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டு, ஹெட்போன்களை ஒவ்வொன்றாக உறையிலிட்டு பீரோவில் அடுக்கினான். பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தும் பதவிசு. நடுவில் போன் வந்தது.

"ரெண்டே தடவதான் சார் யூஸ் பண்ணது. பேடுல ஒரு கீறல் கெடையாது… ஓ, அந்தச் சத்தமா? பக்கத்து வூட்ல யாரோ தவறிட்டாங்க சார்."

ஜாக்குலின் அவனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு பேர் அமலோற்பவத்தை பெஞ்சோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். வெயிலில் வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்து, ஜெபம் சொல்லி, சொல்லி முடித்த பிறகும் நின்றார்கள். "குளுகுளுன்னு கீதும்மா," என்றாள் ஒருத்தி. ஏசுதாஸ்தான் அதட்டி வெளியே அனுப்பினார்.

அறையில் ஜாக்குலின் மட்டும் நின்றாள். குளிர் அவள் கழுத்து வேர்வையில் சுருக்கென்று ஏறியது. மாமியாரின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தன. கிழவிக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை. ஓடிப்போய்க் கட்டிலிலிருந்த போர்வையை எடுத்துவந்து கழுத்துவரை போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டாள்.

பிலிப் ரிமோட்டோடு உள்ளே வந்தான். பதினாறில் வைத்தான்.

"போத்தாத. குளிரு ஒடம்புல படணும்."

ஜாக்குலின் போர்வையை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.