ஒரு நிமிடத்தில் முடிந்த வேலை

திண்டிவனத்து விதைக் கிடங்கு அலுவலகத்தில் இருதயசெல்வி தனி ஆள். விழுப்புரம் கிளையிலிருந்து வரும் மல்லாட்டை எனும் வேர்க்கடலை விதையின் முளைப்பு விவரங்களை அவள் எழுதிய புரோகிராம் எக்செல் தாளில் சேர்க்க தினமும் ஒரு மணி நேரமாகும். எல்லாம் ஏறி முடியும்வரை அந்தக் கிளையின் வெள்ளையம்மாள் அவளோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு வரிக்கும் ஃபைலைத் திறந்து மூடுவதால்தான் தாமதம் என்று 2014இல் ஒரு நாள் இருதயசெல்விக்குப் புரிந்தது. எல்லா வரிகளையும் திரட்டி ஒரேயடியாக எழுத வைத்தாள். ஒரு நிமிடத்தில் முடிந்தது.

"அக்கா, எல்லாம் ஏறிடுச்சு."

"அதுக்குள்ளயா? அப்ப வெச்சிடறேன். நீ ஜல்தியா வூட்டுக்குப் போ."

வீட்டில் யாரும் இல்லை என்று சொல்ல இருதயசெல்விக்கு வாய் வரவில்லை. மறுநாளும் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது. மூன்றாம் நாள் வேலை முடிந்த பிறகு அவளே கூப்பிட்டாள்.

"ஃபைல்ல எதனா தப்பா?" வெள்ளையம்மாள் பதறினாள்.

"இல்லக்கா, சும்மாதான்."

"பஸ் ஏறிக்கினு இருக்கேன், நாளைக்குப் பேசலாம்."

இருதயசெல்வி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். வெயில்கூட இன்னும் இறங்கவில்லை.