நாலு பேர் சொன்னது

அவள் எழுதிய மென்பொருளுக்கு ஒரே வேலைதான். ஆலையின் பெரிய விசிறியில் எழும் அதிர்வை வாங்கி, அதில் என்னென்ன அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று ஐந்து முறைகளில் கணக்கிட்டு, ஐந்து படங்களை அருகருகே காட்டும். எந்த முறை நம்பத்தக்கது என்று ஒப்பிடத்தான். அதோடு விட்டாளா? கடைசியில் ஓட்டெடுப்பு ஒன்றையும் சேர்த்தாள். பெரும்பான்மை சொல்வதே தீர்ப்பு. அதில் மயங்கித்தான் மேலாளர் அவளைப் பிரிவுத் தலைவி ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த விசிறியை ஓட்டுகிறவன் அவள் அண்ணன்.

"நாலு நாளா சத்தம் சரியில்ல," என்றான் சாப்பிடும்போது. "ஒரே சீரா இல்லாம ஏறி ஏறி இறங்குது. கிட்டப் போய் எண்ணெய் போடவே பயமா இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

மறுநாள் பார்த்தாள். நான்கு படங்களில் ஒற்றை மேடு. ஐந்தாவதில் ஒட்டினாற்போல் இரண்டு முனைகள். சத்தம் ஏறி இறங்கினால் நெருக்கமான இரண்டு அதிர்வுகள் கலக்கின்றன, விசிறிக்குள் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். படித்தவளுக்குத் தெரியாதா? அந்த நான்கும் ஒரே முறைக்கு நான்கு சட்டை மாட்டியவை என்பதும் தெரியும். எழுதியவளே அவள்தானே! நாலும் ஒரே ஆள் போட்ட கள்ள ஓட்டு.

"அஞ்சாவது மட்டும் ஏம்மா முரண்டு பிடிக்குது? அடுத்த வாரம் மேலிடத்துல காட்டணுமே," என்றார் மேலாளர்.

"அது அப்படித்தான் சார். சில சமயம் ஒண்ண ரெண்டாக் காட்டும்."

அதுவும் பொய்யில்லை. பாவி, அந்த அரை உண்மையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சிரித்தார் அவர்.

வீட்டுக்கு வந்து, அண்ணி முன்னாலேயே அண்ணனை வாரினாள். "மொதல்ல காதக் குடைஞ்சுட்டு வா. கம்ப்யூட்டருக்குக் கேக்காதது உனக்குக் கேக்குதாக்கும்! தைரியமா போ." அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் அசடு வழிந்தான்.

மூன்றாம் நாள் பேரிங் உடைந்து, விசிறியின் இறக்கை ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது. எண்ணெய் போட அண்ணன் நீட்டிய வலது கை முழங்கைக்கு மேலே துண்டாகிப் போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில், விசிறியின் அதிர்வைப் பார்ப்பவள் என்ற முறையில் அவள் நிரப்ப வேண்டிய விபத்துப் படிவத்தை மேலாளர் நீட்டினார். இயக்குபவர் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே சொன்னாரா என்று அதில் ஒரு கேள்வி. 'ஆம்' என்றால் மென்பொருளைத் தோண்டுவார்கள், அவளையும் சேர்த்து. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடிப் பாதகத்தி!

உள்ளே அண்ணன் கண் விழித்திருந்தான். "நான் முன்னாடியே சொன்னத எழுதினியா? இல்லாட்டி, கவனமில்லாம வேலை பாத்தேன்னு பழிய என் தலையில கட்டிடுவாங்க."

"எழுதிட்டேண்ணா."

"எனக்கு நீ ஒருத்தி இருக்கியே, அது போதும்," என்று இடது கையால் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.